உங்களுக்குத் தெரியுமா? மூன்றாம் வாரத்தில் விட்டுப்போகும் நடை

பத்தில் ஆறு

2017ஆம் ஆண்டு தேசிய தினப் பேரணி உரையில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் ஒரு கணக்குச் சொன்னார். 60 வயதைத் தாண்டிய சிங்கப்பூரர்களில் பத்துக்கு மூன்று பேருக்கு நீரிழிவு. மலாய்க்காரர்களை மட்டும் எடுத்தால் பத்துக்கு ஐந்து. இந்தியர்களில் பத்துக்கு ஆறு.

இனிப்பைக் குறையுங்கள், நடங்கள் என்று டாக்டர் சொல்லாத வீடு சிராங்கூன் ரோட்டைச் சுற்றி ஒன்றுகூட இருக்காது. புதுக் காலணி வாங்கி முதல் வாரம் உற்சாகமாக நடக்காதவர்களும் குறைவு. சிக்கல் மூன்றாம் வாரத்தில்தான் வருகிறது. ஒரு நாள் மழை, ஒரு நாள் ஓவர்டைம், ஒரு நாள் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். அதோடு காலணி வாசலிலேயே தங்கிவிடுகிறது. இன்றைய தகவல்கள் எல்லாம் அந்த மூன்றாம் வாரத்தைப் பற்றியவை.

21 நாள் என்று யார் சொன்னது?

எந்தப் பழக்கமும் 21 நாளில் படிந்துவிடும் என்ற பேச்சுக்கு மூலம் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர். முகத்தில் அறுவை செய்துகொண்டவர்கள் தங்கள் புது முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று 1960இல் வெளிவந்த தம் புத்தகத்தில் எழுதினார். 'குறைந்தது' என்ற சொல் வழியிலேயே விழுந்துவிட்டது. முகத்தைப் பற்றிய பேச்சு எல்லாப் பழக்கத்துக்கும் விதியாகிவிட்டது.

லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரை வைத்து உண்மையாகவே எண்ணிப் பார்த்தார்கள். 2009இல் முடிவு வந்தது. யோசிக்காமல் தானாகவே செய்யும் நிலையை எட்ட நடுவாக 66 நாள் ஆனது. சிலருக்கு 18 நாள் போதும். சிலருக்கு 254 நாள் ஆகும் என்று கணக்கு காட்டியது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் படிந்தன. உடற்பயிற்சிக்கு அதிக நாள் பிடித்தது.

ஆகவே 22ஆம் நாள் காலையில் எழுந்து நடக்கப் பிடிக்கவில்லை என்றால் உங்களிடம் குறை எதுவும் இல்லை. பாதி வழிகூட இன்னும் வரவில்லை, அவ்வளவுதான்.

ஒரு நாள் தவறினால்?

ஒன்றும் ஆகாது. இதுவும் லாலியின் ஆய்வில் தெரிந்ததே. இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்கும் பழக்கம் ஏறக்குறைய அதே வேகத்தில்தான் படிந்தது. 'போச்சு, எல்லாம் போச்சு' என்று நாமே முடிவு கட்டிக்கொள்வதுதான் பழக்கத்தைக் கொல்கிறது.

2021இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு இன்னும் பெரியது. அமெரிக்க உடற்பயிற்சிக் கூடங்களின் 61,293 உறுப்பினர்களிடம் 54 விதமான திட்டங்களை நான்கு வாரம் சோதித்தார்கள். எல்லாவற்றிலும் முதலாவதாக வந்தது மிக எளிய ஒன்று: ஒரு நாள் தவறவிட்டவர் அடுத்த முறை திரும்பி வந்தால் 9 காசு மதிப்புள்ள கூடுதல் புள்ளிகள். ஒன்பதே காசு! தவறாமல் வருகிறவரைப் பாராட்டுவதைவிட, தவறியவர் திரும்பி வந்ததை மதிப்பது வேலை செய்தது. வீட்டிலும் இதைச் செய்யலாம். நான்கு நாள் நடக்காத கணவர் ஐந்தாம் நாள் காலணியை மாட்டும்போது 'இன்னைக்குத்தான் ஞாபகம் வந்துச்சா?' என்று கேட்காமல் இருப்பதே பெரிய உதவி.

சிங்கப்பூரில் 800 பேர், ஓராண்டு

இந்த விஷயத்தில் உலகமே எடுத்துக்காட்டும் ஆய்வுகளில் ஒன்று நம் ஊரில் நடந்தது. டியூக்-என்யுஎஸ் மருத்துவக் கல்லூரியின் எரிக் ஃபிங்கல்ஸ்டைன் குழு, 13 நிறுவனங்களில் வேலை செய்யும் 800 பேரை நான்கு பிரிவாகப் பிரித்தது. ஒரு பிரிவுக்கு எதுவும் தரவில்லை. இரண்டாவது பிரிவுக்கு அடிகளை எண்ணும் ஃபிட்பிட் கருவி மட்டும். மூன்றாவது பிரிவுக்குக் கருவியோடு, அவர்கள் நடப்பதற்கேற்ப அறக்கொடைக்குப் பணம். நான்காவது பிரிவுக்குப் பணம் நேரே கைக்கு வந்தது: வாரத்தில் 50,000 அடி நடந்தால் 15 வெள்ளி, 70,000 அடி நடந்தால் 30 வெள்ளி. ஆறு மாதத்துக்கு இந்த ஏற்பாடு.

ஆறு மாதம் பணம் வாங்கியவர்கள் நன்றாக நடந்தார்கள். அதற்குப் பிறகு பணம் நின்றது. ஓராண்டு முடிவில் பார்த்தபோது அந்தப் பிரிவு ஏறிய உயரத்திலிருந்து இறங்கிவிட்டிருந்தது. கருவி மட்டும் பெற்றவர்களைவிடக்கூட அவர்கள் மேலாக இல்லை. எடை, இரத்த அழுத்தம் போன்றவற்றில் எந்தப் பிரிவிலும் முன்னேற்றம் தென்படவில்லை. கருவி பெற்றவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் அதைக் கழற்றிவைத்துவிட்டார்கள். 2016இல் 'லான்செட்' குழும இதழில் இது வெளியானது.

பணம் தருவதே வீண் என்று இதைப் படிக்கக் கூடாது. நடக்காதவரை வீட்டுக்கு வெளியே இழுத்துவர அது உதவுகிறது. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2015இல் தொடங்கிய நேஷனல் ஸ்டெப்ஸ் சேலஞ்ச் வந்த பிறகு எத்தனையோ அம்மாக்கள் கையில் பட்டை கட்டிக்கொண்டு புளோக்கைச் சுற்றுவதைப் பார்க்கிறோம். ஹெல்தி 365 செயலியில் சேரும் புள்ளிகளுக்குப் பற்றுச்சீட்டு கிடைக்கிறது, வாங்கிக்கொள்ளுங்கள். ஆனால் புள்ளிகள் வரும் காலத்திலேயே நடைக்கு வேறொரு ஆதாரத்தையும் தேடி வைத்துவிட வேண்டும். ஒரு நேரம், ஒரு பாதை, உடன் வர ஓர் ஆள். பற்றுச்சீட்டு நிற்கும் நாளில் இந்த மூன்றும் இருந்தால்தான் நடை இருக்கும்.

பிறந்தநாளிலிருந்து பிறந்தநாள் வரை

தேசிய சேவையை முடித்த போர்க்காலப் படைவீரர்களுக்கு ஐபிபிடி உடற்தகுதித் தேர்வுக்கான காலம் பிறந்தநாளன்று தொடங்கி ஓராண்டு ஓடுகிறது. 2015இல் தேர்வு எளிதாக்கப்பட்டு மூன்று அங்கங்களாகச் சுருங்கியது: தண்டால், படுத்தெழும் பயிற்சி, 2.4 கிலோமீட்டர் ஓட்டம். தேர்ச்சிக்கு ஏற்ப 200, 300, 500 வெள்ளி ஊக்கத்தொகை உண்டு. தகுதிப் பயிற்சி 2021 முதல் 'என்எஸ் ஃபிட்' என்ற பெயரில் நடக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரண்டு மாதம் மட்டும் ஓடும் இளைஞர்கள் நம் வீடுகளிலும் உண்டு. தம்பிகளுக்கு ஒன்று சொல்லலாம்: தேர்வு முடிந்த மறுவாரத்திலிருந்து வாரம் ஒரே ஒரு ஓட்டத்தை மட்டும் விடாமல் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆண்டு முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்காது.

காப்பு கட்டியவர்கள்

தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு ஸ்ரீ ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு ஸ்ரீ தெண்டாயுதபாணி கோயில் வரை 3 கிலோமீட்டருக்கு மேல் காவடியும் பால்குடமும் போகின்றன. தீபாவளிக்கு முன்பு வரும் தீமிதியின்போது அதே பெருமாள் கோயிலிலிருந்து சவுத் பிரிட்ஜ் ரோடு ஸ்ரீ மாரியம்மன் கோயிலுக்கு நடை. அந்த நாளுக்கு முந்தைய வாரங்களைக் கவனித்திருக்கிறீர்களா?

கறி மீன் கிடையாது. மது, புகை கிடையாது. தரையில் பாய். விடியுமுன் குளியல். ஒரு மண்டலம் என 48 நாள் விரதம் இருப்பவர்களும் உண்டு. ஆண்டு முழுவதும் காலையில் எழ முடியாதவர், பீரை விட முடியாதவர், இதை எப்படிச் செய்கிறார்? முதல் காரணம் பக்தி, அதில் ஐயமில்லை. விரதம் இறைவனுக்காக எடுக்கப்படுவது, உடம்பைக் குறைக்க அல்ல. ஆனால் பக்தியைத் தாங்கி நிற்கும் ஏற்பாடுகளை உற்றுப் பாருங்கள்.

விரதம் இருப்பவரின் வீட்டில் எல்லாருக்கும் சேர்த்தே சமையல் மாறுகிறது. மீன் சட்டி அடுப்பேறுவதில்லை. கையில் மஞ்சள் காப்பு இருப்பதால் நண்பர்கள் 'வாடா, ஒரு ரவுண்டு' என்று கூப்பிடுவதில்லை. எது கூடும், எது கூடாது என்பதில் பேரத்துக்கு இடமில்லை; 'இன்னைக்கு மட்டும்' என்ற பேச்சே எழாது. முடியும் தேதி எல்லாருக்கும் தெரியும். சாயங்காலம் கோயிலுக்குப் போனால் அதே விரதத்தில் இருக்கும் பத்துப் பேர் அங்கே இருக்கிறார்கள். மனம் சோர்ந்த நாளில் இந்த ஐந்தும் அவரைத் தூக்கிப் பிடிக்கின்றன.

விரதம் முடிந்து காப்பை அவிழ்த்ததும் இந்த ஏற்பாடு முழுவதும் ஒரே நாளில் கலைகிறது. மறுவாரம் பழைய சாப்பாடு, பழைய தூக்கம். 800 பேருக்குப் பணம் நின்றபோது நடந்ததும் இதுதான். ஆகவே இந்த ஆண்டு காவடி எடுப்பவர்கள், பால்குடம் சுமப்பவர்கள் காப்பை அவிழ்க்கும்போது விரதத்திலிருந்து ஒன்றே ஒன்றை மட்டும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை எழுவதோ, புகையில்லாமல் இருப்பதோ, எதுவானாலும். அதுவும் அந்த விரதத்தின் பலன்தான்.

புரட்டாசிச் சனிக்கிழமை

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் பெருமாள் கோயில் வாசல் நிரம்பி வழியும். அந்த மாதம் முழுக்கச் சைவம் என்பதைப் பலர் பாட்டி காலத்திலிருந்து கடைப்பிடிக்கிறார்கள். வெள்ளிக்கிழமை கறி வாங்காத வீடுகளும் ஏராளம். 'இந்த வெள்ளிக்கிழமை சைவமாக இருக்க ஆர்வம் இருக்கிறதா?' என்று அந்த வீட்டில் யாரும் யாரையும் கேட்பதில்லை. வெள்ளி என்றால் சைவம், முடிந்தது.

'இது நடந்தால் இதைச் செய்வேன்' என்று முன்கூட்டியே முடிச்சுப் போட்டுக்கொள்வதை பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் நீண்ட காலம் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வெறுமே 'செய்ய வேண்டும்' என்று நினைத்தவர்களைவிட, எப்போது, எங்கே, எப்படி என்று முடிச்சுப் போட்டவர்கள் தெளிவாகவே அதிகம் செய்து முடித்தார்கள். 'நாளையிலிருந்து நடக்கப்போகிறேன்' என்பதில் முடிச்சு இல்லை. 'இரவு சாப்பிட்டுத் தட்டைக் கழுவியதும் கீழே இறங்கி இரண்டு சுற்று' என்பதில் இருக்கிறது.

சாப்பிட்டதும் 15 நிமிடம்

அந்த இரண்டு சுற்று வீண் போகாது. மூன்று வேளையும் சாப்பிட்ட பிறகு 15 நிமிடம் நடப்பது, நாள் முழுதுக்குமான சர்க்கரையைக் கட்டுப்படுத்துவதில் ஒரே தடவையாக 45 நிமிடம் நடப்பதற்குச் சமம் என்று வயதானவர்களிடம் செய்த சிறிய ஆய்வு ஒன்று 2013இல் 'டயபெடிஸ் கேர்' இதழில் வந்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைப்பதில் இந்தச் சிறு நடையே மேலாக இருந்தது. நம் வீடுகளில் இரவுச் சாப்பாடுதான் தாமதமானது, கனமானதும்கூட. மூன்று வேளை முடியாவிட்டால் அந்த ஒரு வேளையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

பத்தாயிரம் அடி

நாளுக்குப் பத்தாயிரம் அடி என்பது மருத்துவர் எழுதித் தந்த எண் கிடையாது. டோக்கியோ ஒலிம்பிக்குக்கு அடுத்த ஆண்டு, 1965இல், ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடிகள் எண்ணும் கருவிக்கு வைத்த பெயரிலிருந்து பரவியது. 2019இல் ஐ-மின் லீ குழு சராசரியாக 72 வயதுள்ள 16,741 பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தவர்களைவிட 4,400 அடி நடந்தவர்களிடம் இறப்பு விகிதம் 41 விழுக்காடு குறைவாக இருந்தது. ஏறக்குறைய 7,500 அடிக்கு மேல் கூடுதல் பலன் தென்படவில்லை. பத்தாயிரம் எட்டவில்லை என்று மனம் விட்டுப்போய் நடையையே நிறுத்திய அத்தைகள், பெரியம்மாக்கள் யாராவது இருந்தால் இந்தப் பத்தியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

தேக்காவில் ஒரு தேநீர்

தேக்கா நிலையம் 1982இல் திறந்தபோது அதன் பெயர் சூஜியாவ் நிலையம். 2000இல்தான் மக்கள் வாயிலிருந்த தேக்கா என்ற பெயருக்கு அதிகாரபூர்வமாகத் திரும்பியது. காலை ஏழு மணிக்கு அங்கே ஒரு தேநீர்க் கடை முன்னால் நின்று பாருங்கள். கடைக்காரரின் கை முதலில் போவது கெட்டிப்பால் டின்னுக்குத்தான். குவளையின் அடியில் பால் கனமாக இறங்கிப் படிகிறது; அதன்மேல் சாயம்; பிறகு இந்தக் குவளைக்கும் அந்தக் குவளைக்கும் ஆற்றி நுரை கட்டுகிறார். நீங்கள் வாய் திறப்பதற்குள் இனிப்பு குவளைக்குள் விழுந்தாயிற்று. அதற்குப் பிறகு 'சீனி கம்மி' என்று சொல்லிப் பயனில்லை.

எனவே வரிசையில் நிற்கும்போதே சொல்லிவிட வேண்டும். எடுத்த எடுப்பில் பாலும் சீனியும் இல்லாத 'தே ஓ கோசோங்' என்று போய்விட்டால் நாக்கு இரண்டே நாளில் கலகம் செய்யும். முதலில் 'சியூ தாய்', சீனி குறைவு. ஒரு மாதம் கழித்து 'தே சி கோசோங்', ஐடியல் பால் மட்டும், சீனி இல்லை. அதே கடையில், அதே நேரத்தில் வாங்குங்கள். சில வாரத்தில் உங்கள் தலை தெரிந்ததும் 'அண்ணே, கோசோங்தானே?' என்று அவரே கேட்பார். அன்று முதல் உங்கள் பழக்கத்தைக் காப்பவர் அவர். நீங்கள் தடுமாறும் காலையிலும் அவர் கை தடுமாறாது.

புட்டிப் பானங்களுக்கு நியூட்ரி-கிரேடு முத்திரை 2022 டிசம்பர் 30 முதல் வந்தது. 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் 'டி' தரம்; அதற்கு விளம்பரம் செய்யக் கூடாது. சரியாக ஓராண்டு கழித்துக் கடையில் கலக்கும் பானங்களுக்கும் விதி வந்தது, சிறு கடைகளுக்கு விலக்குடன். புட்டிப் பானங்களின் சர்க்கரை அளவு 2017இல் நடுவாக 7.1 விழுக்காடாக இருந்தது, 2023இல் 4.6ஆகக் குறைந்துவிட்டது. வாங்குகிறவர் யாரும் தனியாக வைராக்கியம் எடுக்கவில்லை. கடை அலமாரி மாறியது. தேக்காவின் சிறு தேநீர்க் கடையில் அந்த முத்திரை இருக்காது. அங்கே நம் வாய்தான் முத்திரை.

பழைய பாப்கார்ன்

திரையரங்கில் சிலருக்குப் புதுப் பாப்கார்னும் சிலருக்கு ஒரு வாரப் பழசும் கொடுத்தார்கள். திரையரங்கில் எப்போதும் பாப்கார்ன் தின்று பழகியவர்கள் பழசையும் புதுசைப் போலவே தின்று தீர்த்தார்கள். பழசு பிடிக்கவில்லை என்று சொன்னவர்களும்தான்! அதே பழைய பாப்கார்னைக் கூட்ட அறையில் கொடுத்தபோது குறைவாகவே தின்றார்கள். வழக்கமில்லாத கையால் சாப்பிடச் சொன்னபோதும் திரையரங்கிலேயே குறைந்துவிட்டது. டேவிட் நீல், வெண்டி வுட் குழு 2011இல் வெளியிட்ட ஆய்வு இது.

பசியும் ருசியும் இல்லாமல் இடமே நம்மைத் தின்ன வைக்கிறது. இரவு தொடர் பார்க்கும் சோஃபாவுக்குப் பக்கத்தில் முறுக்கு டப்பா இருக்கும்வரை எந்த உறுதிமொழியும் நிற்காது. டப்பாவைச் சமையலறை மேல்தட்டுக்கு ஏற்றுங்கள். தின்ன வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. எழுந்து போய் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். நல்ல கட்டுப்பாடு உள்ளவர்கள் ஆசையோடு அதிகம் போராடுகிறவர்கள் என்று நினைக்கிறோம். ஆய்வுகளில் தெரிவது வேறு: அவர்கள் ஆசையைச் சந்திக்கும் தருணங்களே குறைவு.

மழை ஒரு சாக்கா?

நவம்பரிலிருந்து ஜனவரி வரை பருவமழை; நடை நின்றுபோக இதைவிட நல்ல காரணம் கிடைக்காது. ஆனால் நிலப் போக்குவரத்து ஆணையம் 2018க்குள் 200 கிலோமீட்டர் அளவுக்குக் கூரையிட்ட நடைபாதைகளைப் போட்டு முடித்துவிட்டது. எம்ஆர்டி நிலையத்திலிருந்து 400 மீட்டர் தூரத்துக்குள் பள்ளி, மருந்தகம், பேருந்து நிறுத்தம் எல்லாம் இணைந்திருக்கின்றன. உங்கள் புளோக்கிலிருந்து நனையாமல் எதுவரை போக முடியும் என்று வெயில் நாளிலேயே ஒருமுறை நடந்து பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். மழை வந்த பிறகு வழி தேடினால் கால் எழாது.

மின்தூக்கி நிற்காத தளம்

பழைய வீவக புளோக்குகளில் மின்தூக்கி எல்லாத் தளத்திலும் நின்றதில்லை; நடுவில் குடியிருந்தவர்கள் ஓரிரு மாடி ஏறி இறங்கியே வாழ்ந்தார்கள். 2001இல் தொடங்கிய மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டம் முதியோருக்கும் சக்கர நாற்காலியில் இருப்போருக்கும் பெரும் விடுதலை. முழங்கால் நன்றாக உள்ளவர்கள் மட்டும் அந்த இரண்டு மாடியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். உடற்பயிற்சியே செய்யாத பிரிட்டிஷ் மக்கள் 25,000 பேருக்கு மேற்பட்டவர்களை ஆராய்ந்து 2022இல் 'நேச்சர் மெடிசின்' இதழில் எழுதினார்கள்: ஒன்றிரண்டு நிமிடம் மூச்சு வாங்கும்படியான வேலை நாளுக்கு மூன்று தடவை செய்தவர்களிடம் இறப்பு அபாயம் 40 விழுக்காடு அளவுக்குக் குறைவாகக் காணப்பட்டது.

சென்னையிலிருந்து ஒரு குறுஞ்செய்தி

நம்மைப் போன்ற உடல்வாகு உள்ளவர்களிடம் நடந்த ஆய்வு வேண்டுமா? சென்னை டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழு, நீரிழிவின் விளிம்பில் இருந்த 537 ஆண்களை இரண்டு ஆண்டு தொடர்ந்தது. பாதிப் பேருக்கு உணவு, நடை பற்றிக் கைப்பேசியில் அடிக்கடி குறுஞ்செய்தி போனது. அவர்களில் 18 விழுக்காட்டினருக்கு நீரிழிவு வந்தது. செய்தி பெறாதவர்களில் 27 விழுக்காடு. 2013இல் வெளிவந்தது. செய்தியில் புதுமை ஒன்றும் இல்லை. ஆனால் அது நிற்காமல் வந்துகொண்டே இருந்தது. ஊரில் இருக்கும் அப்பாவுக்கு நாம் தினமும் அனுப்பும் காலை வணக்கப் படத்தோடு 'நடந்தாச்சாப்பா?' என்று ஒரு வரி சேர்த்தால் போதும்.

வெட்கம் உதவுமா?

1992 முதல் 2007 வரை நம் பள்ளிகளில் 'ட்ரிம் அண்ட் ஃபிட்' திட்டம் இருந்தது. எடை கூடிய பிள்ளைகளைப் பிரித்து இடைவேளையில் ஓடவிட்டார்கள். எடை கூடிய மாணவர் விகிதம் 1993இல் 11.7 விழுக்காடாக இருந்து 2006இல் 9.5ஆகக் குறைந்தது. கணக்கில் வெற்றி. ஆனால் அந்த வரிசையில் நின்றவர்கள், நண்பர்கள் சிரித்ததை இன்றும் மறக்கவில்லை. பிறகு எல்லாப் பிள்ளைகளுக்குமான பொதுத் திட்டம் வந்தது. வளர்ந்த பிறகும் விளையாட்டுத் திடல் பக்கமே போகாதவர்களில் அந்த வரிசையில் நின்றவர்களும் இருப்பார்கள். வீட்டில் பிள்ளையின் தட்டைப் பார்த்துக் கேலி பேசும் மாமாக்கள் தயவுசெய்து நிறுத்துங்கள்.

உடன் வரும் ஆள்

ஓட்டக்காரர் சி. குணாளன் முதலில் காற்பந்து ஆட்டக்காரர். அவரை ஓட்டப் பாதைக்குக் கொண்டுவந்தவர் பயிற்றுவிப்பாளர் டான் எங் யூன். 1966 பேங்காக் ஆசிய விளையாட்டுகளில் 100 மீட்டரில் வெள்ளி. 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 10.38 விநாடி. அந்தத் தேசியச் சாதனை 33 ஆண்டு நின்றது, 2001இல் யு.கே. ஷியாம் 10.37இல் ஓடி முறியடித்தார். எத்தனை திறமை உள்ளே இருந்தாலும் 'வா' என்று கூப்பிட ஒருவர் தேவைப்பட்டார்.

நடைக்கும் அப்படித்தான். குழுவாக வெளியில் நடப்பவர்களைப் பற்றிய 42 ஆய்வுகளை 2015இல் தொகுத்தபோது, 1,843 பேரில் பெரும்பாலோர் இடையில் விடாமல் நடந்தது தெரிந்தது. நம் அதிபராக இருந்த எஸ்.ஆர். நாதனைக் கிழக்குக் கடற்கரைப் பூங்காவின் காலை நடையில் பார்த்துப் பேசியவர்கள் இன்றும் அதை நினைவுகூர்கிறார்கள். சமூக மன்றங்களில் விரைவுநடைக் குழுக்கள் உண்டு. கூச்சமாக இருந்தால் எதிர்வீட்டு அக்கா ஒருவர் போதும். ஆறு மணிக்கு அவர் கீழே காத்திருக்கிறார் என்ற நினைப்பில் எழுந்துவிடுவோம்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் கையில் உள்ளவர்கள்

பழக்கம், ஒழுங்கு என்று பேசும்போது நேரம் கையில் இருப்பவர்களை மட்டுமே மனதில் வைத்துப் பேசுகிறோம். ஞாயிறு மாலை ரேஸ் கோர்ஸ் ரோட்டில் கூடும் தமிழ்நாட்டுத் தம்பிகளுக்கு விடியுமுன் லாரி, இரவில் விடுதி. மதியச் சோறு காலையிலேயே பொட்டலமாகி வந்துவிடுகிறது. அதில் என்ன இருக்கும் என்பது அவர்கள் கையில் இல்லை. அவர்கள் கையில் இருப்பவை சில: தண்ணீர்ப் புட்டி, தூங்கும் நேரம், புகை, ஞாயிறு வாங்கும் வாழைப்பழச் சீப்பு. அந்தச் சிலவற்றில் ஒன்றைப் பிடித்தாலே போதும். நோய் வந்தால் பார்க்க, 2006 முதல் இயங்கும் ஹெல்த்சர்வ் போன்ற தொண்டு அமைப்புகள் உண்டு. தட்டில் நல்ல சோறு வருவதற்கு வழிசெய்ய வேண்டியவர்கள் முதலாளிகளும் உணவு எடுத்துத் தருபவர்களும்தான்.

புகையை விட்டொழிக்க 28 நாள்

28 நாள் புகையில்லாமல் இருந்துவிட்டால் நிரந்தரமாக விடும் வாய்ப்பு ஐந்து மடங்கு கூடுகிறது என்கிறது சுகாதார மேம்பாட்டு வாரியம். அதற்கென 28 நாள் திட்டமே நடத்துகிறது. ஆர்ச்சர்ட் ரோட்டில் 2019 ஜனவரி முதல் தேதியிலிருந்து குறித்த இடங்களைத் தவிர எங்கும் புகைக்கத் தடை. விட நினைப்பவர் முதல் மாதம் அந்தப் பக்கமாக நடப்பது நல்லது.

பண்டிகைக் கால எடை

அமெரிக்காவில் 195 பேரை ஆண்டு முழுதும் எடை பார்த்து 2000இல் வெளியிட்ட ஆய்வில், ஆண்டிறுதிப் பண்டிகைக் காலத்தில் சராசரியாக 0.37 கிலோ கூடியது. அரைக் கிலோகூட இல்லை. ஆனால் அது பிறகு இறங்கவில்லை. ஆண்டில் கூடிய எடையில் பெரும்பகுதி அந்தச் சில வாரங்களில் வந்தது. அவர்களுக்கு ஒரு பண்டிகைக் காலம். நமக்குத் தீபாவளி, பொங்கல், சீனப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள், நடுவில் நண்பர்களின் திறந்த இல்லங்கள். அதிரசத்தையும் அன்னாசிப்பழ டார்ட்டையும் மறுக்கச் சொல்லி யாரையும் நோகடிக்க வேண்டாம். பண்டிகை வாரத்தில் நடையை மட்டும் விடாதீர்கள். பத்து நிமிடமானாலும் சரி.

ஒரே டாக்டர்

2023 ஜூலை 5ஆம் தேதி ஹெல்தியர் எஸ்ஜி தொடங்கியது. 40 வயதும் அதற்கு மேலும் உள்ள குடிமக்களும் நிரந்தரவாசிகளும் ஒரு குடும்ப மருத்துவரையோ பலதுறை மருந்தகத்தையோ தேர்ந்தெடுத்து அங்கேயே தொடரலாம். முதல் சுகாதாரத் திட்டச் சந்திப்புக்குக் கட்டணம் இல்லை. பரிந்துரைக்கப்பட்ட பரிசோதனைகளும் தடுப்பூசிகளும் குடிமக்களுக்கு இலவசம். 'போன தடவை நடக்கிறேன்னு சொன்னீங்களே, நடந்தீங்களா?' என்று கேட்க, போன தடவை பார்த்த அதே டாக்டர் இருப்பார். வீட்டில் அம்மா அப்பா இன்னும் சேரவில்லையா? சிங்பாஸ் அவர்களுக்குக் கைவரவில்லை என்றால், இந்த வாரக் கடைசியில் பக்கத்தில் உட்கார்ந்து ஹெல்த்ஹப் செயலியில் நீங்களே பதிந்து கொடுங்கள். முதல் சந்திப்புக்கு நீங்களும் உடன் போய்வாருங்கள்.